ஸ்டோர்காரரின் பதினோராயிரம் குறிப்புகள்

பஸ் ஒர்க்‌ஷாப் ஸ்டோர்காரரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால் நாக்கு அழுகிப்போகும். இருபத்திரண்டு வருஷமாகக் கம்பிவலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் கொடுக்கிற மனுஷன். மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் அவன் கையிலிருக்கும் உடைந்த சாமானை ஒரு பார்வை பார்ப்பார். "பதினேழாவது ராக், கீழ்த்தட்டு, பச்சைப் பெட்டி" என்பார். போய்ப் பார்த்தால் பச்சைப் பெட்டியில் அது இருக்கும். நாலாயிரம் சாமானும் அவருக்கு மனப்பாடம். கெட்டிக்காரர்தான், யார் இல்லை என்றது? ஆனால் முட்டாளுக்குக் கிறுக்குப் பிடித்தால் நாலு நாளில் தெளிந்துவிடும். கெட்டிக்காரனுக்குப் பிடித்தால் லேசில் விடாது.

அவருக்கு அது ஒரு பயிற்சி வகுப்பு ரூபத்தில் வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஸ்டோரைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வாலிபர் வந்தார். டீ இடைவேளையில் அந்த வாலிபர் தன் போனைத் திறந்து காட்டினார். படித்தது, கேட்டது, பார்த்தது எல்லாம் அதற்குள் குறிப்பு குறிப்பாக இருந்தது. "உங்க ஸ்டோர்ல நாலாயிரம் சாமான் இருக்கு சார், எல்லாத்துக்கும் ஒரு ராக் இருக்கு. உங்க மண்டைக்குள்ள இருக்கறதுக்கு ராக் எங்க சார்?" என்று கேட்டுவிட்டு பிஸ்கட்டைக் கடித்தார். அவர் கேட்டதை அன்றைக்கே மறந்திருப்பார். நம் ஸ்டோர்காரருக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. ஆமாம், எங்கே ராக்?

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலேயே ஒரு குறிப்புச் செயலியை இறக்கிக்கொண்டார்.

ஆரம்பத்தில் நல்லதைத்தான் எழுதினார், சும்மா சொல்லக் கூடாது. எந்த மாடல் பஸ்ஸுக்கு எந்த கேஸ்கெட் பொருந்தும், குழாய் ரிப்பேர்காரர் நம்பர் என்ன, மகளின் செருப்பு அளவு என்ன என்று உருப்படியாகப் போயிற்று. அப்புறம் மேலதிகாரி கூட்டத்தில் பேசியதை எழுதினார். ரேடியோவில் யாரோ தூக்கத்தைப் பற்றிச் சொன்னதை எழுதினார். தூங்காமல் எழுதினார். ஒவ்வொரு குறிப்புக்கும் அடையாளமாக ஒரு டேக், ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு நிறம். நீலம் என்றால் படிக்க வேண்டியது. பச்சை என்றால் படித்து முடித்தது. மஞ்சள் என்றால் படித்தோமா இல்லையா என்று ஞாபகமில்லாதது. மஞ்சள்தான் மலை மாதிரி குவிந்தது.

கடைசியில் குறிப்பு எடுப்பது எப்படி என்பதைப் பற்றியே முந்நூறு குறிப்பு சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிக்காமல் கொள்ளாமல் உட்கார்ந்து, வாரம் முழுக்க எழுதியதைப் பிரித்து அடுக்குவார். அதற்கு 'வாரப் பார்வை' என்று பேர் வேறு. ஐந்து வருஷத்தில் நாலு செயலி மாறியாயிற்று. ஒவ்வொரு தடவை மாறும்போதும் புது வீட்டுக்குக் குடிபோகிற மாதிரி முகத்தில் ஒரு களை வந்துவிடும்.

டயர் செக்‌ஷனில் ஒரு பெரியவர் உண்டு. எல்லாருக்கும் அவர் டயர் அண்ணன். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவரிடம் ஸ்டோர்காரர் போனைக் காட்டினார். திரை முழுக்கப் புள்ளி. புள்ளிக்குப் புள்ளி கோடு. சர்க்கரை சிந்திய இடத்தில் எறும்பு மொய்த்தது போல இருந்தது.

"பாத்தீங்களாண்ணே? ஒவ்வொரு புள்ளியும் ஒரு குறிப்பு. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குது."

"உன்கிட்ட ஏதாவது பேசுதா?"

"என்கிட்டயா?"

"ஆமா ஸ்டோரு. போன வாரம் எனக்கு ஒரு வால்வு வேணும்னு வந்து நின்னேன். முன்னெல்லாம் தலையைத் தூக்காமலே சொல்லுவே. அன்னைக்குப் போனை எடுத்துக் கால் மணி நேரம் தேய்ச்சே. அப்புறம் நானே உள்ள வந்து எடுத்துட்டுப் போனேன். ஞாபகம் இருக்கா?"

ஸ்டோர்காரருக்கு ஞாபகமில்லை. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று முணுமுணுத்துவிட்டு டிபன் பாக்ஸை மூடினார். பிறகு மறக்காமல் 'விமர்சனங்களைக் கையாள்வது' என்று ஒரு குறிப்பு போட்டார். நீலம்.

வீட்டில் நடந்ததுதான் பெரிய கூத்து. அவர் மனைவி துணி தைக்கிற கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நாற்பது மெஷின், நாற்பது பேர், யார் சட்டைக் கை தைக்கிறார்கள், யார் குழந்தைக்குக் காய்ச்சல், எந்த மெஷின் எத்தனை மணிக்கு முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவள் தலைக்குள்தான் இருக்கும். ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அவளிடம் போய் இவர், "நீயும் எழுதிப் பழகு, தலைக்கு வெளிய இன்னொரு தலை வேணும்" என்று வகுப்பெடுப்பார்.

"உள்ள இருக்கற தலைக்கு என்ன குறைச்சல்?" என்பாள் அவள்.

விடவில்லை. அவள் போனிலும் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்து, இரண்டு பேருக்கும் பொதுவாக 'வீடு' என்று ஒரு பகுதியைத் திறந்து வைத்தார். இரண்டு வருஷமாக அதில் அவள் ஒரு எழுத்து எழுதவில்லை. அது அவருக்குத் தீராத மனக்குறை.

அவள் பேச ஆரம்பித்தால் ஒரு விரலை உயர்த்தி "இரு" என்பார். போனை எடுப்பார். தட்டுவார். அவள் வாயைத் திறந்தபடி நிற்பாள். "ம், சொல்லு" என்ற பிறகு சொல்ல வேண்டும். அதையே மறுநாள் ஞாபகப்படுத்தினால் கோபம் வந்துவிடும். "ஒரு தடவை சொன்னா போதும். எழுதியாச்சுன்னா எழுதியாச்சு. திரும்பச் சொன்னா டூப்ளிகேட் ஆயிடும்." வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் போன் பண்ணினால், "அப்பாவைக் கண்டுபிடிக்க எந்த டேக்கைத் தட்டணும்மா?" என்று அம்மாவிடம்தான் கேட்பாள். இருவரும் சிரிப்பார்கள். சிரிக்க முடிந்த காலம் அது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மனைவிக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது.

முதலில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய அக்காவுக்கும் இப்படிக் கழுத்தில்தான் ஆரம்பித்தது. அந்த அக்கா இப்போது இல்லை. அதனால் அந்த வீட்டில் 'கட்டி' என்ற சொல்லுக்கே ஒரு கனம் உண்டு. கடைசியில் சொன்னாள். ஸ்டோர்காரர் எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஊசி போட்டுக் கொஞ்சம் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. அன்று சாயங்காலம் அவர் முன்னால் வந்து நின்றாள். இந்த முறை, அவர் விரலை உயர்த்துமுன் அவளே காத்திருந்தாள்.

"ரிசல்ட் அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கு. நான் கம்பெனியிலேருந்து பெர்மிஷன் போட்டு நேரா வந்துடறேன். நீங்க லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. தனியா உள்ள போக எனக்குத் தைரியம் இல்ல."

"எழுதிட்டேன்."

"வருவீங்கல்ல?"

"எழுதிட்டேன்னு சொல்றேன்ல? காலையில எட்டு மணிக்கு மணி அடிக்கும். போதுமா?"

அவளுக்குப் போதும்தான். வேறு என்ன செய்வாள்?

ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மனுஷன் கல் நெஞ்சுக்காரர் இல்லை. அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. ராக்குகளுக்கு நடுவில் நிற்கும்போது அந்தக் கட்டி ஞாபகம் வந்தால் கை வேலை செய்யாது. அப்போதெல்லாம் தனக்குத்தானே ஒன்று சொல்லிக்கொள்வார்: தேதி போனில் இருக்கிறது, நேரம் வரும்போது அது கூப்பிடும், அதுவரைக்கும் நினைக்க வேண்டியதில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லியே அந்த வியாழக்கிழமையைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டார். பெண்டாட்டி உயிர் விஷயத்தை ஒருவன் மறப்பானா என்று நீங்கள் கேட்பீர்கள். மறக்கவில்லை ஐயா, ஒப்படைத்துவிட்டார். மறுநாளே லீவுச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டார்.

செவ்வாய்க்கிழமை ஐந்தாவது செயலி வந்தது.

வந்தது என்றால் என்ன, இவர் தேடிப் போனார். குறிப்புகளைத் தானே படித்துத் தானே கோடு போட்டு இணைத்துக்கொள்ளுமாம். ஸ்டோர்காரருக்குக் கை பரபரத்தது. மனைவிக்கு ரிசல்ட் வரப்போகிற வாரம் இது, இப்போது இந்தக் கூத்து வேண்டாம் என்று ஒரு சாதாரண மனுஷனுக்குத் தோன்றியிருக்கும். இவருக்கு மனசு சரியில்லை என்றால் எதையாவது அடுக்க வேண்டும். அன்றைக்கே போனிலிருந்து பழைய செயலியை எடுத்துவிட்டு, லேப்டாப்பில் பதினோராயிரம் குறிப்பையும் மூட்டை கட்ட ஆரம்பித்தார். செயலி முன்கூட்டியே எச்சரிக்கைகள் கொடுத்தது, பாவம், அதன் மேல் குற்றமில்லை. ஏழாவது வரியில் 'நினைவூட்டல்கள் புதிய கணக்குக்கு மாறி வராது' என்று இருந்தது. இவர் அதைப் படிக்காமல் விடவில்லை. படித்தார். 'பிறகு பார்க்க' என்று அதையும் ஒரு குறிப்பாகப் போட்டுக்கொண்டார். மஞ்சள்.

புதன்கிழமை சாயங்காலம் ஸ்டோரைப் பூட்டும்போது டயர் அண்ணன் கேட்டார். "நாளைக்கு லீவாமே ஸ்டோரு? என்ன விசேஷம்?"

ஸ்டோர்காரர் யோசித்தார். லீவு போட்டது தெரியும். எதற்கு? போனைத் திறந்தார். புதிய செயலியில் நாளைக்கு என்று ஒன்றுமே இல்லை. துடைத்த பலகை மாதிரி சுத்தமாக இருந்தது.

"சொந்த வேலைண்ணே."

"அதான் என்ன வேலைங்கறேன்."

அவர் தலைக்குள் கணக்கு ஓடியது. முக்கியமான வேலையாக இருந்தால் போனில் இருக்கும். போனில் இல்லை. அதனால் முக்கியமான வேலை இல்லை. அப்படியானால் குறிப்புகளை மாற்றி அடுக்குவதற்குத்தான் லீவு போட்டிருக்க வேண்டும். லீவு போட்டது போன வாரம், செயலியைக் கண்டுபிடித்தது நேற்று என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரவில்லை. "கொஞ்சம் அடுக்கற வேலைண்ணே" என்றார். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு மனைவி வேலைக்குக் கிளம்பும்போது அவர் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். அவள் கதவருகில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தாள். எழுப்பி ஞாபகப்படுத்தலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. லீவுதான் போட்டிருக்கிறாரே, அதுவும் நமக்காக என்று நினைத்துக்கொண்டு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

எட்டு மணிக்கு ஒரு மணியும் அடிக்கவில்லை. எட்டரைக்கு எழுந்தார், டீ போட்டுக்கொண்டார், போனை மௌனத்தில் போட்டுக் கவிழ்த்து வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். குறிப்புகள் நூறு நூறாக வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அவருக்கு என்ன ஆனந்தம் என்கிறீர்கள்! நடுநடுவே ஒன்றிரண்டு டேக் தப்பாக வந்தது, திருத்தினார். பதினொன்றேமுக்காலுக்குத் திரையில் நூறு சதவீதம் என்று வந்தது. பழைய கணக்கை அழித்துவிடலாமா என்று பழைய செயலி கேட்டது. நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. திரும்ப எடுக்க முடியாது, நிச்சயமாகவா என்று மூன்றாவது தடவையும் கேட்டது. ஒரு யந்திரத்துக்கு இருந்த யோசனை! இவர் மூன்று தடவையும் ஆமாம் ஆமாம் ஆமாம் என்று அழுத்தினார்.

பன்னிரண்டரைக்கு மனைவி வந்தாள்.

"முடிஞ்சுதும்மா!" என்று ஸ்டோர்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "பதினோராயிரமும் வந்து சேந்துடுச்சு. ஒண்ணு குறையல!"

அவள் செருப்பைக் கழற்றினாள். அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, "உங்க போன் எங்க?" என்றாள்.

அவர் போனைத் திருப்பினார். ஆறு அழைப்புகள். ஒன்பது ஐம்பதுக்கு ஒன்று, பத்து ஐந்துக்கு ஒன்று, பத்து இருபதுக்கு இரண்டு. அதற்குமேல் அவரால் படிக்க முடியவில்லை. வியாழக்கிழமை, பத்து மணி, தனியா உள்ள போக எனக்குத் தைரியம் இல்ல என்று எல்லாம் ஒன்றாக வந்து மண்டையில் இறங்கியது.

"டாக்டர்... டாக்டர் என்ன சொன்னாங்க?"

"எழுதிட்டேன்."

"எங்க?"

"உங்க ஆப்லதான். 'வீடு'ன்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல. ரெண்டு வருஷமா எழுது எழுதுன்னு உயிரை வாங்கினீங்களே, திரும்பி வரும்போது பஸ்ல உக்காந்து எழுதினேன். பாத்துக்குங்க." கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஸ்டோர்காரர் லேப்டாப் முன்னால் விழுந்தார். புதிய செயலியில் 'வீடு' என்று தேடினார். வாடகை வீட்டு விதிகள் வந்தன, வீட்டிலேயே செய்யும் முதுகுப் பயிற்சி வந்தது. 'ரிசல்ட்' என்று அடித்தார், மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் வந்தது. புதியதை மேலே காட்டு என்று சொல்லிப் பார்த்தார். பதினோராயிரம் குறிப்பிலும் இன்றைய தேதிதான் இருந்தது, எல்லாமே இன்றைக்கு வந்து இறங்கியவைதானே. அப்போதுதான் உறைத்தது. அவள் போனில் இருப்பது பழைய செயலி. அவள் எழுதியது பழைய கணக்கில். ஓடிப்போய் அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்துத் திறந்தார். 'இந்தக் கணக்கு இப்போது இல்லை' என்று ஒரே ஒரு வரி. இவர் மூட்டை கட்டியதற்குப் பிறகு, அழிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் எழுதியிருக்கிறாள்.

இப்போது இவர் என்ன செய்தார் தெரியுமா? பெண்டாட்டி பத்தடி தூரத்தில் படுத்திருக்கிறாள். கூப்பிட்டால் கேட்கும். இவர் உட்கார்ந்து பழைய செயலியின் உதவி மையத்துக்கு மனு எழுத ஆரம்பித்தார்! 'மதிப்பிற்குரிய ஐயா, தவறுதலாக அழிக்கப்பட்ட என் கணக்கில் மிக முக்கியமான' என்பது வரைக்கும் அடித்தார். பதில் வர மூன்று வேலை நாள் ஆகும் என்று கீழே போட்டிருந்தது. மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவளைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? தூ என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது. லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"தூங்கிட்டியா?"

"இல்ல."

"நீ எழுதினது கிடைக்கல."

"தேடுங்க. உங்களுக்குத் தேடத் தெரியாதா?"

"அது அழிஞ்சுபோச்சும்மா. நான்தான் அழிச்சேன். தெரியாம."

பிறகு அவள் தோள் குலுங்கியது. பதறிப்போய்க் குனிந்து பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணோரம் தண்ணீர் இறங்கித் தலையணையை நனைத்திருந்தது.

"ஜென்மத்துல ஒரே ஒண்ணு எழுதினேன்" என்றாள்.

"சொல்லிடும்மா. என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லையாம். சாதாரணக் கட்டிதானாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினா போதுமாம்."

ஸ்டோர்காரர் கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பொய்யழுகை இல்லை. இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது.

அவள் அழ விட்டாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"ஒன்பது ஐம்பதுலேருந்து உக்காந்திருந்தேன். கூட்டம். பக்கத்து நாற்காலியில என் பையை வெச்சு உங்களுக்கு இடம் பிடிச்சு வெச்சிருந்தேன். மூணு பேர் வந்து, யாராவது வராங்களான்னு கேட்டாங்க. வராருன்னு சொன்னேன். நாலாவதா ஒரு வயசானவர் வந்தாரு, நிக்க முடியல அவரால. பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன்."

"தப்புதான். பெரிய தப்பு. ஆனா எனக்கு உன் நினைப்பே இல்லன்னு மட்டும் நினைச்சுடாத. இந்த ரெண்டு மாசமா அந்தக் கட்டிதான் என் கண்ணு முன்னால நிக்குது."

"அப்படியா?" என்றாள் அவள். "எந்தப் பக்கம்?"

"என்ன எந்தப் பக்கம்?"

"கட்டி. கழுத்துல எந்தப் பக்கம் இருக்கு?"

ஸ்டோர்காரர் அவள் கழுத்தைப் பார்த்தார். அவள் முடியை முன்னால் இழுத்துவிட்டிருந்தாள். காத்திருந்தாள்.

"வலது பக்கம்" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்து, இடது தாடைக்குக் கீழே வைத்தாள். விரலடியில் பட்டாணி அளவுக்கு ஒன்று வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அவர் அதைத் தொடுவது இதுதான் முதல் தடவை. அது அவருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. நழுவிவிடப் போகிறதே என்று கொஞ்சம் அழுத்திப் பிடித்தார்.

"அழுத்தாதீங்க, வலிக்குது."

"வலிக்குமா?"

"வலி தாங்காமத்தானே டாக்டர்கிட்டயே போனேன்" என்றாள்.

ஸ்டோர்காரர் கையை எடுத்துக்கொண்டார்.